வான்கூவரில் மூன்று மாதம்: வெண்டை வேண்டாம், வெந்தயம் போடுங்கள்

கேள்வியின் சாரம் இது: மகள் குடும்பம் கனடாவில், வான்கூவரை ஒட்டிய பர்னபியில் இருக்கிறது. நீங்கள் சிங்கப்பூரிலிருந்து மே மாதத் தொடக்கத்தில் போய் ஜூலை கடைசி வரை தங்கப் போகிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரை உண்டு. “மழை ஊராம். இங்கே புளோக் தாழ்வாரத்தில் வளர்க்கிற வெண்டை, பாகல், முருங்கையை அங்கேயும் போட்டுத் தரலாமா? தேக்காவில் விதை வாங்கிப் போகலாமா? அப்படியே எந்தெந்தத் தோட்டங்களைப் பார்க்கலாம்?”

முதலில் அந்த மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மழை அதிகம் நமக்குத்தான். சிங்கப்பூரில் சுமார் 2,100 மி.மீ., வான்கூவர் விமான நிலையத்தில் ஏறக்குறைய 1,200. மலையை நெருங்க நெருங்கக் கூடும். வடக்கு வான்கூவரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அந்த ஊர் மழைக்குப் பேர் வாங்கியது அளவால் இல்லை, விடாத தூறலால். அக்டோபரில் பிடித்தால் மார்ச் வரை வானம் வெளுக்காது. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் மாதம் முழுக்கச் சேர்த்தே 35 மி.மீ. அளவுதான் பெய்யும். நம் ஊரில் பிற்பகல் இடிமழை ஒன்று ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிற தண்ணீர் அது. ஆக, மழை இருக்கும்போது செடி வளராது, செடி வளரும்போது மழை இருக்காது. நீங்கள் போகிற மூன்று மாதமும் காய்கிற பக்கத்தில்தான் வருகிறது.

அங்கே செடியைத் தீர்மானிப்பவை இரண்டு: இரவுக் குளிர், பகலின் நீளம். ஜூலையில்கூடப் பகல் சராசரி உச்சம் 22 டிகிரி, இரவில் 14-க்குப் பக்கம். மே மாத இரவுகள் 8, 9 டிகிரிக்கு இறங்கும். நகரம் இருப்பது 49-ஆம் அட்சரேகையில். ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும், இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் இது நமக்குத் தோன்றவே தோன்றாது. நம் நாட்டு அவரையும் சௌசௌவும் பகல் குறுகினால்தான் பூக்கும். அங்கே கோடை முழுக்கக் கொடி கொழுகொழுவென்று படரும், பூ மட்டும் வராது. செப்டம்பர் கடைசியில் பூத்தாலும் காய் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். எரு போதவில்லை என்று நினைத்து இன்னும் எரு போடுவார்கள், இலைதான் கூடும். அவரை ஆசை தீர வேண்டுமென்றால் ஸ்கார்லெட் ரன்னர் என்ற சிவப்புப் பூ பீன்ஸை ஊன்றுங்கள். அதற்கு நீண்ட பகலும் பிடிக்கும், குளிர்ந்த இரவும் பிடிக்கும். பிஞ்சாகப் பறித்தால் பொரியலுக்கு அவரைக்கு அடுத்தபடி நிற்கும்.

வெண்டைக்கு மண்ணே 20 டிகிரி சூடாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விதை முளைக்காமல் அழுகும். முளைத்தாலும் நாற்று மஞ்சளித்து அப்படியே உட்கார்ந்திருக்கும். கண்ணாடிக் கூடாரம் இருந்தால் ஆகஸ்ட்டில் ஒரு சாம்பாருக்குத் தேறலாம். பாகல், புடல், பீர்க்கு, கொத்தவரை எல்லாம் இதே கதை. முருங்கை முதல் உறைபனியிலேயே போய்விடும், அதை மறந்துவிடுங்கள். கறிவேப்பிலை தொட்டியில் பிழைக்கும்: இரவு 12 டிகிரிக்கு மேல் இருக்கிற ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை வெளியில், மற்ற மாதங்களில் தெற்குப் பார்த்த ஜன்னலோரம். குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகிச் சாகும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

சரி, நன்றாக வருவது எது? இங்கே நம்மைப் பாடாய்ப் படுத்துகிற கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும்தான். சிங்கப்பூர் வெக்கையில் கொத்தமல்லி நாலு இலை விட்டதும் பூத்தண்டு நீட்டிவிடும். அங்கே மே மாதக் குளிரில் இலை அகலமாக, வாசனையாக வரும். விதையை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுங்கள். மண் குளிர்ந்திருப்பதால் முளைக்க இரண்டு வாரம், சில சமயம் மூன்றுகூட ஆகும்; பொறுமையில்லாமல் கிளறிப் பார்க்காதீர்கள். ஒரேயடியாகப் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசையாகப் போடுங்கள். ஜூனில் பகல் நீள்வதால் அங்கேயும் அது பூக்கப் பார்க்கும். ஜூன் விதைப்புக்கு அரைநிழல் கொடுத்து, 15 செ.மீ. உயரத்திலேயே வெட்டிவிட வேண்டும். வெந்தயம் இன்னும் சுலபம்: ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து கிராம், ஊறவைத்து அடர்த்தியாகத் தூவி, மெல்ல மண் மூடினால் ஒரு மாதத்தில் கீரை. மண்ணில் தண்ணீர் தேங்கினால் மட்டும் விதை கூழாகிவிடும். தண்டுக்கீரை வேண்டுமென்றால் ஜூன் நடுவரை காத்திருங்கள், முன்னால் போடுவது வீண்.

பாலக், பட்டாணி, பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் மே மாதமே போடலாம். முள்ளங்கியை மட்டும் விதைத்த அன்றே மெல்லிய வலைத்துணியால் மூடி, ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். அங்கே ஒரு ஈ, தண்டடியில் முட்டையிட்டுப் புழு கிழங்கைக் குடைந்துவிடும். கேரட்டுக்கும் அதற்கென்று வேறொரு ஈ உண்டு. பிறகு மூடிப் பயனில்லை, முட்டை உள்ளே போயிருக்கும். கேல் என்கிற கீரையை இளசாகப் பறித்துப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டு வதக்கினால் முருங்கைக்கீரைப் பொரியலுக்கு ஓரளவு ஈடு. சுக்கினி ஒரே ஒரு செடி போதும். இரண்டு வைத்தவர்கள் ஆகஸ்ட்டில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோவார்கள்.

தக்காளியை நாற்றாகவே வாங்குங்கள். ஸ்டூபிச்சே, சைலெட்ஸ், சன்கோல்டு, எர்லி கேர்ள் போன்ற சீக்கிரம் காய்க்கும் வகைகளாகப் பாருங்கள். ஊரில் பார்த்த பெரிய பழம் வேண்டுமென்று நீண்ட நாள் வகையை எடுத்தால் பச்சைக் காயாகவே அறுவடை செய்வீர்கள். மே தொடக்கத்திலேயே கடையில் நாற்று வந்துவிடும், எல்லோரும் வாங்குவார்கள். நீங்களும் வாங்கலாம், ஆனால் இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைக்கிற வரை, அதாவது மே கடைசி வரை, மண்ணில் வைக்காதீர்கள். அதுவரை பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். நடும்போது அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதியைப் புதையுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

இடம் முக்கியம். தெற்குச் சுவரை ஒட்டி, கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், மழை மேலே படாதபடி வையுங்கள். காரணம், பின்பருவ இலைக்கருகல் நோய். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமிதான். இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்து, வெப்பம் 15, 20 டிகிரியில் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். இலையில் எண்ணெய் பட்டதுபோல் பழுப்புத் திட்டு வரும், அடுத்துத் தண்டு கறுக்கும், காயில் கெட்டியான பழுப்பு பரவும். ஒரு வாரத்தில் செடியே தொங்கிவிடும். பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில், பனியும் முதல் தூறலும் திரும்பும்போது வரும். நீங்கள் அப்போது இருக்க மாட்டீர்கள், மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: பட்ட செடியைப் பிடுங்கிப் பையில் கட்ட வேண்டும், எருக்குழியில் போடக் கூடாது. தண்ணீரை எப்போதும் வேரில்தான் விட வேண்டும், இலையில் தெளிக்கவே கூடாது. தரையிலிருந்து ஒரு முழம் வரை இலைகளை எடுத்துவிட்டால் காற்று புகும். காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்துக் குழிவது வேறு விஷயம், அது நோயில்லை. ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றுவதால், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் வருவது.

மண்ணைப் பற்றி. நூற்றாண்டுக் கணக்கான மழை அந்த வட்டார மண்ணிலிருந்து சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கழுவிவிட்டது, அதனால் புளித்த மண். மே மாதத்தில் நேரடியாகத் தோண்டினால் ஈரக் களியாகக் கட்டிபிடிக்கும். 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் சீடர் பலகையால் ஒரு மேட்டுப்பாத்தி அடித்துவிடுங்கள். 120-க்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, பாத்திக்குள் மிதித்துத்தான் களை எடுக்க வேண்டிவரும். அதை நிரப்பக் கிட்டத்தட்ட 0.86 கன மீட்டர் மண் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மண் கலவை, ஒரு பங்கு மக்கிய உரம். மூட்டை மூட்டையாகக் கடையில் வாங்கினால் காசு கரையும், வீட்டு வாசலில் கொட்டித் தருபவர்களிடம் கேளுங்கள்.

வாங்கிப் போட்ட கலவைக்கு இந்த ஆண்டு சுண்ணாம்பு தேவைப்படாது. பழைய மண்ணுக்கு அக்டோபர் வாக்கில் பத்துச் சதுர மீட்டருக்கு இரண்டரையிலிருந்து ஐந்து கிலோ டாலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டால், மழையில் கரைந்து வசந்தத்துக்குள் வேலை செய்திருக்கும். புளூபெரி, ரோடோடென்ட்ரான் என்ற பூம்புதர், உருளைக்கிழங்கு இருக்கும் பக்கம் அந்தத் தூள் போகக் கூடாது. ஹைட்ரேஞ்சியாவுக்கும் பார்த்துப் போடுங்கள்: புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் அங்கே அந்தப் பூ அப்படி நீலமாக இருக்கிறது. சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். மே மாதத்தில் நாற்றெல்லாம் வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மண் குளிர்ந்திருக்கும்போது நுண்ணுயிர்கள் மந்தமாக இருக்கும், எரு இருந்தும் தழைச்சத்து வெளிப்படாது. மீன் கரைசல் உரம் ஒரு முறை நீர்க்க ஊற்றினால் பச்சை திரும்பும்.

எதிரி யார் என்றால் ஓடில்லாத நத்தை. விரல் நீளத்துக்குக் கறுப்பாக, சில நேரம் செம்பழுப்பாக, ராத்திரியில் வரும். காலையில் பார்த்தால் பீன்ஸ் நாற்று இருந்த இடத்தில் குச்சி மட்டும் நிற்கும், பக்கத்தில் காய்ந்த பசைக் கோடு வெள்ளியாக மின்னும். முட்டை ஓடு, காபித் தூள் வைத்தியமெல்லாம் ஒரு மழைக்கு நிற்காது. சாயங்காலம் பாத்தி ஓரத்தில் ஒரு பழைய பலகையைப் போட்டு வையுங்கள். விடிந்ததும் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், பொறுக்கிவிடலாம். மிச்சத்துக்கு இரும்பு பாஸ்பேட் குருணை, சதுர மீட்டருக்கு ஒரு தேக்கரண்டி, பரவலாகத் தூவ வேண்டும், குவிக்கக் கூடாது. தின்றதும் மேய்வதை நிறுத்திவிட்டு மறைவில் போய்ச் சாகும், அதனால் பிணம் தெரியவில்லை என்று இன்னும் கொட்டாதீர்கள். மெட்டால்டிஹைடு குருணை வேண்டாம், நாய்க்கு விஷம். காட்டுப் பாதையில் வாழைப்பழம்போல் மஞ்சளாக ஒன்று ஊர்ந்தால் அதை விட்டுவிடுங்கள். அது அந்த மண்ணின் பூர்வகுடி, உதிர்ந்த இலையைத் தின்று வாழ்வது. நாம் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தையும் அங்கே மாற்ற வேண்டும். மாலை ஈரம் இந்த நத்தைகளுக்கு விருந்து வைத்ததுபோல. காலையில் ஊற்றுங்கள்.

தேக்காவில் விதை வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. அங்கே பஞ்சாபி மளிகைக் கடைகளில் வெந்தயமும் மல்லியும் கிடைக்கும், சமையலுக்கு விற்கும் மல்லியே பெரும்பாலும் முளைக்கும். மற்ற விதைகளுக்கு அந்த ஊர் வெஸ்ட் கோஸ்ட் சீட்ஸ் பாக்கெட்டுகள் நல்லவை, எந்த மாதம் எதைப் போடுவது என்று அந்தக் கடற்கரைக்கே கணக்கிட்ட அட்டவணையும் தருகிறார்கள். கொண்டுதான் போவேன் என்றால் விதையானாலும் சுங்கப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். வேரும் மண்ணுமாகக் கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் வைப்பது மட்டும் கூடவே கூடாது: வெளிநாட்டு மண்ணுக்குக் கனடாவில் தடை, செடிக்கு இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றிதழும் கேட்பார்கள். கன்றையும் அங்கேயே வாங்கலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் விமானத்தில் போக இ-டிஏ என்ற மின்னனுமதி வேண்டும், கட்டணம் 7 கனடா டாலர். நிரந்தரவாசியாக இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அது விசா விவகாரம், நேரத்தோடு தொடங்குங்கள்.

இனிச் சுற்றிப்பார்ப்பது. தேதி உங்களுக்கு அருமையாக அமைந்திருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பெரியப்பா, சித்தப்பா யாராவது டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் வருகிறோம் என்றால், தோட்டம் பார்க்க ஜூன் விடுமுறைக்கு வரச் சொல்லுங்கள். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான், அதிலும் பாதி மழை.

முதலில் வான்டுசன் தாவரவியல் தோட்டம், மே மூன்றாவது நான்காவது வாரத்தில். 55 ஏக்கர், முன்பு கோல்ப் மைதானமாக இருந்து 1975-இல் திறந்தது. அந்த இரண்டு வாரம்தான் லாபர்னம் நடைபாதை பூக்கும். தலைக்குமேல் மஞ்சள் சரங்கள் நம் சரக்கொன்றை போலத் தொங்கும். பேரப்பிள்ளை கையில் காயைக் கொடுக்காதீர்கள், அந்த மரத்தின் எல்லாப் பாகமும் விஷம். ரோடோடென்ட்ரான் அதே நேரத்தில் இருக்கும். மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் போனால் இமயமலை நீலப் பாப்பியையும் பிடிக்கலாம். அந்த நீலத்தை நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில், எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. வெயில் பட்டால் வாடிவிடும், கோடையிலும் குளிர்ந்த ஈர மண் வேண்டும்.

அங்கிருந்து இருபது நிமிட நடையில் குவீன் எலிசபெத் பூங்கா, வான்கூவரின் உயரமான இடம், 125 மீட்டர். பழைய கல்குவாரியின் பள்ளத்தில் பூப்பாத்திகள், நுழைவு இலவசம். மேலே இருக்கும் ப்ளோடெல் கண்ணாடிக் கூடம் 1969-இல் திறந்த வெப்பமண்டலக் காட்சி. நம் புளோக்கின் கீழே இருக்கிற குரோட்டனையும் மணிபிளான்டையும் காசு கொடுத்துப் பார்ப்பானேன்? பறவைகள் சுதந்திரமாகப் பறக்கும் என்பதால் குழந்தைகளுக்காகப் போகலாம், அதுவும் வெளியே தூறினால். சிங்கப்பூர்க் கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) நாம் குளிரைக் கூரைக்குள் அடைத்து வைத்திருப்பதுபோல் அவர்கள் வெக்கையை அடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்று மாலையே மெயின் சாலை, 49-ஆம் அவென்யூ சந்திப்பிலுள்ள பஞ்சாபி மார்க்கெட்டில் வெந்தய விதை வாங்கிவிடலாம்.

புட்சார்ட் தோட்டம் தனிப் பயணம், ஜூன் கடைசியில் ரோஜாவுக்காக. இருப்பது வான்கூவர் தீவில், விக்டோரியாவுக்கு வடக்கே. கணவரின் சிமெண்ட் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டித் தீர்ந்துபோன குழியை ஜென்னி புட்சார்ட் தோட்டமாக்கினார், தொடங்கியது 1904. குழியின் செங்குத்துச் சுவரில் கயிற்றுப் பலகையில் தொங்கியபடி இடுக்குகளில் ஐவிக் கொடியைச் செருகினாராம். மேலே பார்வை மேடையில் நின்றால் கீழே பூக்களுக்கு அப்பால் ஆலையின் பழைய புகைபோக்கி இன்னும் தெரியும், தவறவிடாதீர்கள். கார் இல்லையென்றால் கனடா லைன் ரயிலில் பிரிட்ஜ்போர்ட், அங்கிருந்து 620 பேருந்தில் ட்வாசன் துறைமுகம், படகில் 1 மணி 35 நிமிடத்தில் ஸ்வார்ட்ஸ் பே. பாதி வழியில் படகு இரு தீவுகளுக்கு நடுவே குறுகலான கால்வாயில் திரும்பும். அப்போது மேல்தளத்தில் இருங்கள், குளிர்க்காற்றுக்குச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 70 அல்லது 72 பேருந்தில் விக்டோரியா, அங்கிருந்து 75. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முடியும், ஆனால் தோட்டத்தில் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். விக்டோரியாவில் ஒரு ராத்திரி தங்கி, சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிவிடும் மாலை மூன்று மணிக்குமேல் உள்ளே போங்கள். காரோடு போவதானால் வார இறுதிப் படகுக்கு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

காடு பார்க்க ஸ்டான்லி பூங்காவே பலருக்குப் போதும். தொங்குபாலம் ஆசை என்றால் கட்டணம் அதிகமான கேப்பிலானோவுக்குப் பதில் லின் கேன்யனுக்குப் போங்கள், இலவசம். பாலம் சிறியது, காடு அதேதான். பாறை வழுக்கும், தண்ணீர் இழுக்கும், பாதையைவிட்டு இறங்க வேண்டாம். உண்மையான மழைக்காடு வேண்டுமென்றால் வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள தோபினோ. ஆண்டுக்கு 3,200 மி.மீ., நம்மையே தோற்கடிக்கும் ஊர். அதே தீவிலுள்ள நனைமோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம், வழியில் 800 வயது டக்ளஸ் பிர் மரங்கள் நிற்கும் கதீட்ரல் குரோவ். இரண்டு ராத்திரியாவது தங்க முடியாவிட்டால் போக வேண்டாம்.

ஜூலை கடைசியில் கிளம்பும் முன் இரண்டு வேலை. பட்டாணி ஓய்ந்த இடத்தில் கேலும் பாலக்கும் விதைத்துவிடுங்கள், பனியைத் தாங்கிக் குளிர்காலத்திலும் இலை கொடுக்கும். பூண்டை அக்டோபரில் மகள் ஊன்றிக்கொள்ளட்டும். அடுத்து, ஆகஸ்ட்டுக்குத் தண்ணீர். மே முதலே அங்கே புல்தரைக்குத் தண்ணீர் விடக் கட்டுப்பாடு உண்டு, காய்கறிப் பாத்திக்கு விலக்கு. வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் வேண்டும். நான் சொன்ன பாத்திக்கு அது 72 லிட்டர். மணிக்கு இரண்டு லிட்டர் சொட்டும் துளைகள் பதினெட்டு இருக்கும்படி சொட்டுக்குழாய் ஓட்டி, டைமரில் வாரம் இரண்டு காலை, தலா ஒரு மணி நேரம் வைத்தால் கணக்கு சரியாக வரும். தக்காளித் தொட்டிகளுக்கு அது போதாது, தனிக் குழாயில் தினமும் இரண்டு மூன்று லிட்டர் விட வேண்டும். மழை திரும்பியதும் டைமரைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். வெளியிலேயே விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து பிளாஸ்டிக் வெடித்துவிடும்.